ரெண்டு இஞ்சு உசரம்

மழை விட்ட கையோட மாப்ள ஒரு யோசனை சொன்னான். "மாமா, பொலிரோவை ரெண்டு இஞ்சு தூக்கிடுவோம். கிட்டு மட்டும் வாங்கிட்டா போதும், ஒரு ஞாயித்துக்கிழமைல நாமளே மாட்டிடலாம்."

மாப்ளன்னா என் வீட்டுக்காரியோட தம்பி. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறான், சுரங்கத்தில் இயந்திரப் பராமரிப்பு வேலை. ஸ்பேனர் பிடிச்ச கை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்க முந்திரித் தோப்புக்குப் போற மண்பாதையில், பலாப்பழம் ஏத்திக்கிட்டு வரும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறப்போ வயித்தைக் கலக்கும்.

சரின்னு ஏற்பாட்டில் இறங்கினோம். இடம் முதல் பிரச்சனை. எங்க வீட்டு வாசல் செம்மண். ஈரத்தில் ஜாக்கி வச்சா ஒரு பக்கமா அமுங்கும். அதனால அவன் குவார்ட்டர்ஸ் வாசல்ல இருக்கிற சிமெண்டுத் தரையில் பண்றதுன்னு முடிவு. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாதுன்னு மாப்ள கண்டிப்பா சொல்லிட்டான். "ஜாக்கி தூக்குறதுக்கு மாமா, தாங்குறதுக்கு இல்ல" என்றான். நாலு ஸ்டாண்டு, வீலுக்கு முட்டுக்கட்டை, துருப்பிடிச்ச யு போல்ட்டில் ஊத்த டீசல், புதுசா நாலு யு போல்ட்டு. கழட்டின பழசைத் திரும்பப் போடக்கூடாதாம், இழுபட்டுப் போயிருக்குமாம். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேணும். அமுங்கின ஸ்பிரிங் நழுவினா ஆளை அடிச்சுப் போட்டுடும். இதை அவன் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி ஆசை போச்சு.

மீதிப் பாதி போனது அளவெடுத்தப்போ.

சமதரையில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப்பு வச்சுப் பார்த்தோம். பின்பக்கம் இடது பக்கம் தொங்கிப் போயிருந்தது. பட்டையில் ஒண்ணு முறிஞ்சே கிடந்தது. எத்தனை நாளா அப்படியே ஓட்டினேனோ! அப்புறம் மாப்ள அடியில் டார்ச் அடிச்சான். "மாமா, இங்க வந்து பாருங்க" என்றான். உரசின தழும்பெல்லாம் ஒரே இடத்தில். பின் ஆக்சிலுக்கு நடுவில் உருண்டையா இருக்குமே, அந்த டிஃபரன்ஷியல் கூட்டில். பாடியில் ஒரு கீறல் இல்லை.

இதுதான் நிறையப் பேருக்குப் புரியாத விஷயம். இந்த மாதிரி வண்டியில் பட்டைக்கு மேல் பட்டை போட்டாலும், நீளமான ஷேக்கிள் மாட்டினாலும், உசருவது பாடிதான். ஆக்சில் டயரோட ஒட்டினது, அது இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும். டிஃபரன்ஷியலை உசத்தணும்னா பெரிய டயர் போடணும். 215/75 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் டயரின் உசரம் 30 மி.மீ. கூடும், ஆக்சில் அதில் பாதி, வெறும் 15 மி.மீ. உசரும். அதுக்கு ஸ்பீடோமீட்டர் கணக்கும் தப்பிப் போகும்.

ரெண்டு இஞ்சு தூக்கினா நமக்கு வேண்டாதது என்னென்ன வரும்? பாரம் மேலே ஏறும். பின் சீட்டை மடிச்சுப் பலாப்பழம் அடுக்கிக்கிட்டு வடலூர் ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி சாயும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாமல் இழுக்கும். பாடிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வச்சுப் பின்பாரத்தைக் கணக்குப் பண்ணிப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு நிறைய வண்டியில் உண்டு. வண்டியைத் தூக்கினா, பாரம் குறைஞ்சு போச்சுன்னு நினைச்சு அது பின் பிரேக்கைக் குறைச்சுடும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா ரெண்டும். விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் இதைத்தான் முதல்ல தோண்டுவான்.

கிட்டு வாங்கல. பட்டை கடைக்குப் போய் முறிஞ்சதை மாத்தி, ரெண்டு பக்கத்தையும் பழைய உசரத்துக்குக் கொண்டு வந்தாச்சு.

அப்போ உரசலுக்கு? டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மட்டும் மண் மேடா நிக்குது. டிஃபரன்ஷியல் இடிக்கிறது அதில்தான். ஒரு காலையில் நானும் மாப்ளையும் பக்கத்துத் தோப்பு அண்ணனும் மண்வெட்டி எடுத்தோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினோம். மோசமான இடம் நூறு அடிதான். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. சத்தம் நின்னுது.

ஆனா அடுத்த மழைக்கு மறுபடியும் அப்படியேதான் ஆகும், எனக்குத் தெரியும். அதனாலதான் இதை எழுதுறேன். 1956-ல் நிறுவனம் வந்து, அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். நிலம் கொடுத்தவங்க சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. டவுன்ஷிப் ரோட்டில் மர நிழல்ல வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும். நம்ம ஊருக்குள்ள திரும்பினா முதுகெலும்பு எண்ணிப் பார்க்கும். இந்தப் பாதை யாரோடதுன்னு கேட்டா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டுது.

வசதி இருக்கிறவன் வண்டியைத் தூக்கிக்கிட்டா அவன் தப்பிச்சுடுவான். தப்பிச்சவன் ரோடு கேட்க மாட்டான். 108 ஆம்புலன்ஸை யார் தூக்கி மாட்டுவாங்க? ஸ்கூல் வேனை? பால் கேனோட டிவிஎஸ் 50-ல் போற அந்த அம்மாவை? நான் தூக்கியிருந்தா, இந்தப் பாதை எனக்கு மறந்தே போயிருக்கும். அதை நினைச்சாத்தான் கொஞ்சம் வெக்கமா இருக்கு.

ஜனவரி 26 கிராம சபைக்கு மனு எழுதி வச்சிருக்கேன். டேப்பு வச்சு அளந்த பள்ளத்தோட ஆழம், நீளம் எல்லாம் அதில் இருக்கு. நம்ம ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா அன்னிக்கு வந்து பக்கத்தில் உட்காருங்க, பேசக்கூட வேண்டாம். மண்வெட்டி வேலை அதுக்கு முந்தின ஞாயிறு, காலை ஆறு மணிக்கு. டீ என் செலவு.