கையுறையைக் கழட்டி வைங்க, ஒரு கேம் பண்ணுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கிற சீசன் வந்தாச்சு. இந்த வருஷமும் எப்படியும் ரெண்டு டீமாவது அந்தக் கையுறையைத் தூக்கிட்டு வருவாங்க. எதுன்னு தெரியும்ல? அஞ்சு விரலுக்கும் அஞ்சு ஃபிளெக்ஸ் சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு புளூடூத் மாட்யூல். விரலை மடக்கினா போன்ல இருந்து "தண்ணீர் வேண்டும்"னு குரல் வரும். எக்ஸ்டர்னல் தலையாட்டுவார், எல்லாரும் போட்டோ எடுத்துக்குவோம், கையுறை லேப் பீரோவுக்குள்ள போயிடும்.

அது யாருக்கு உதவுதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? காது கேக்காதவர் சொல்றது நமக்குப் புரியணும்னு செஞ்ச சாமான் அது. நாம சொல்றது அவருக்குப் புரிய அதுல ஒரு வயர்கூட கிடையாது. 2016ல அமெரிக்காவுல ரெண்டு மாணவர்கள் செஞ்ச சைன்அலவுட்னு ஒரு கையுறை லெமெல்சன் எம்ஐடி பரிசே வாங்குச்சு. சைகை மொழி தெரிஞ்சவங்க அப்பவே சொன்ன குறை: சைகை மொழியோட இலக்கணம் முகத்துலயும் புருவத்துலயும் உடம்பு திரும்புற விதத்துலயும் நிறைய இருக்கு, கையுறைக்கு அது எதுவும் தெரியாது. பத்து வருஷம் ஆகப்போகுது, நாம இன்னும் அதே சென்சாரை வாங்கிட்டு இருக்கோம்.

நிஜப் பிரச்சினை வேற இடத்துல இருக்குங்க. இங்கிலீஷ். நம்ம மாநிலப் பொதுத்தேர்வுல செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு மொழிப்பாட விலக்கு உண்டு. நியாயமான சலுகைதான், நான் அதை எதிர்க்கல. ஆனா அந்தப் பையனோ பொண்ணோ நம்ம மாதிரி ஒரு காலேஜுக்கு வந்தா டேட்டாஷீட் இங்கிலீஷ், எரர் மெசேஜ் இங்கிலீஷ், பிளேஸ்மென்ட் டெஸ்ட் இங்கிலீஷ். பரீட்சையில கிடைச்ச விலக்கு இங்க எங்கயும் செல்லாது. 2011 சென்சஸ் கணக்குப்படி நாட்டுல செவித்திறன் குறைபாடு உள்ளவங்க 50 லட்சம் பேர். உங்க கிளாஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க?

நமக்கு இங்கிலீஷ் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. கிளாஸ்ல படிச்சது கொஞ்சம். மிச்சமெல்லாம் காது வழியா சும்மா வந்தது: கண்டக்டர் சொல்ற "ரைட் ரைட்", பேக்கரியில "ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட்", கிரிக்கெட் கமென்ட்ரி, போத்தனூர் ஸ்டேஷன் அறிவிப்பு. காது கேக்காத குழந்தைக்கு இந்த ஓசி சிலபஸ் கிடையாது. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கலாமேன்னு சொல்வாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமே இல்லாம "பேட்", "மேட்"னு சொல்லிப் பாருங்க, ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டும்.

இன்னொண்ணு, இந்திய சைகை மொழி கையால பேசுற இங்கிலீஷ் கிடையாது. அதுக்குத் தனி இலக்கணம். கேள்விச் சொல் கடைசியில வரும், "உன் பேர் என்ன" மாதிரி. வினைச்சொல்லும் பெரும்பாலும் கடைசியிலதான். சொல் வரிசையில தமிழுக்குத்தான் அது கிட்ட. "ஈஸ்", "தி", "ஆன்" மாதிரி இங்கிலீஷோட குட்டிச் சொற்களுக்கு சைகையில நேர் இணை இல்ல. காதுலயும் விழாது, கையிலயும் இல்ல. அப்போ கண்ணால திரும்பத் திரும்பப் பாத்து, விளையாடி விளையாடிப் பழக்கறதைவிட வேற நல்ல வழி எனக்குத் தோணல.

ஆனா பிளே ஸ்டோர்ல குழந்தைங்க இங்கிலீஷ் கேம் எதையாவது திறந்து, வால்யூமை ஜீரோ வச்சு விளையாடிப் பாருங்க. "கேட்டுட்டு சரியான படத்தைத் தொடு." முடிஞ்சது கதை. எங்க தெருவுல காது மெஷின் போட்ட ஒரு எட்டாவது பையன் இருக்கான். அவன் அந்த மாதிரி கேம்ல கேள்வியே புரியாம நாலு படத்தையும் வரிசையா தொட்டு லெவல் தாண்டுவான். ஸ்கோர் நூத்துக்கு நூறு, கத்துக்கிட்டது ஒண்ணுமில்ல. டூலிங்கோவுல கேக்குற பயிற்சியை ஆஃப் பண்ணிக்கலாம், அது பரவாயில்ல. ஆனா ஆஃப் பண்ண இடத்துல அவனுக்குன்னு வேற என்ன வருது? அதே பையன் பிஜிஎம்ஐ-யில எங்களைப் பொளந்து கட்டுவான். ஏன்னா அதுல காலடிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் மினி மேப்ல குறியாத் தெரியும். சுடுற கேமுக்கு இருக்கிற அக்கறை ஏபிசிடி சொல்லித் தர்ற கேமுக்கு இல்ல, பாருங்க.

செஞ்சு காட்டினவங்க இருக்காங்க. ஜார்ஜியா டெக்ல தாட் ஸ்டார்னர் (கூகுள் கிளாஸ்ல வேலை பாத்தவர்) குழுவோட காப்பிகேட் கேம்ல ஐரிஸ்னு ஒரு பூனை இருக்கும். குழந்தை அமெரிக்க சைகை மொழியில வாக்கியமா சொன்னாத்தான் பூனை நகரும். அதுலயும் ஆரம்பத்துல கலர் கையுறை உண்டு, ஆனா அது குழந்தை தன் மொழியை வளத்துக்கறதுக்கு. ரெகக்னிஷன் தயாராகாத கட்டத்துல ஒரு மனுஷர் மறைவா உக்காந்து, சைகையைப் பாத்து பூனையை நகர்த்தினார். டெமோவுல மாடல் வேலை செய்யலைன்னா என்ன பண்றதுன்னு பயப்படுறவங்க இதைக் குறிச்சுக்கோங்க, ஆராய்ச்சியில இது ஒத்துக்கிட்ட முறை! கல்லாடெட் பல்கலைக்கழகம் 2013ல தி பேயோபாப்னு ஒரு கதை ஆப் விட்டுச்சு. இங்கிலீஷ் வாக்கியத்துல ஒரு சொல்லைத் தொட்டா அதோட சைகை வீடியோ ஓடும். அவ்வளவுதான், ஏஐ எதுவும் இல்ல.

நமக்கு மெட்டீரியல் பஞ்சமும் இல்ல. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயா 2001லயே இந்திய சைகை மொழி அகராதி வெளியிட்டிருக்கு, நம்ம மேட்டுப்பாளையம் ரோட்டுல! டெல்லியில இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021ல விட்ட மூணாம் பதிப்புல 10,000 சொல் இருக்கு. கேமரா வழியா சைகையைப் பிடிக்கணும்னா மீடியாபைப் ஒரு கையில 21 புள்ளியைத் தரும், இலவசமா.

என்னைக் கேட்டா முதல் வெர்ஷனுக்கு அதுகூட வேண்டாம். வாக்கியம் அடுக்குற கேம் ஒண்ணு போதும். மேல சைகை வீடியோ, அந்த வரிசையிலயே சொல் கட்டைகள். பிள்ளைங்க அதை இழுத்து இங்கிலீஷ் வரிசைக்கு மாத்தணும், விட்டுப்போன "ஈஸ்"ஐயும் "தி"யையும் தேடிச் செருகணும். பூனை மேசை மேல இருக்கா கீழ இருக்கான்னு படம் உடனே மாறணும். தப்புக்கு "பீப்" அடிக்காதீங்க, ஸ்கிரீன் அதிரட்டும். எல்லாக் குழந்தைக்கும் சைகை தெரியாது. காது மெஷின், காக்ளியர் இம்ப்ளான்ட் வச்சு பேச்சு வழியாவே படிக்கிறவங்களும் இருக்காங்க, அதனால தமிழ் வரிக்கும் ஒரு பட்டன் வைங்க. நெட் இல்லாம ஓடணும், அப்பாவோட பழைய போன்ல ஓடணும்.

டெஸ்டிங்கை ஹாஸ்டல் ரூம்ல முடிச்சிடாதீங்க. கோயம்புத்தூர்லயே காது கேக்காத பிள்ளைங்களுக்கான பள்ளிகள் இருக்கு. எச்ஓடி கிட்ட லெட்டர் வாங்கிட்டு, கோடு எழுதறதுக்கு முன்னாடியே ஒரு தடவை போயிட்டு வாங்க. பேப்பர்ல வெட்டின சொல் கட்டைகளை எடுத்துட்டுப் போனா போதும், எந்த இடத்துல மாட்டிக்கிறாங்கன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுடும். அங்க இருக்கிற டீச்சரை டீம்ல ஒருத்தரா நினைச்சுக்கோங்க, ரிப்போர்ட்ல பேரும் போடுங்க. ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் நாள் இருக்கு. ஃபிளெக்ஸ் சென்சார் ஆர்டர் பண்ணிட்டீங்கன்னா கேன்சல் பண்ணிடுங்க, ரீஃபண்ட் வந்துடும்.