ஃபிஜி தமிழர்கள்: முருகன் கோயில் இருக்கு... தமிழ் எங்கே போச்சு?

நாடி என்ற ஊரின் மெயின் ரோட்டு முனையில் கோபுரத்தோடு நிற்கிறது சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். போட்டோவை மட்டும் காட்டினால் குன்றத்தூர் பக்கம் ஏதோ ஒரு கோயில் என்றுதான் பம்மல்காரர்கள் சொல்வார்கள். ஆனால் இது இருப்பது பசிபிக் கடலுக்கு நடுவே, ஃபிஜி நாட்டில். இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1994-ல்.

இங்கே கும்பிட வரும் தமிழ் வம்சாவளியினர் பெரும்பாலும் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை, ஹிந்தி. ஏன் இப்படி?

மொத்தமே எத்தனை பேர்?

300-க்கும் மேற்பட்ட தீவுகள். 2017 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,84,887. இன்றைய தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் 2011-லேயே 7 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். அந்த அளவுதான் ஒரு முழு நாடே!

இன, மத விவரத்துக்கு 2007 கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். ஐதௌகெய் எனப்படும் பூர்வகுடிகள் சுமார் 57%, இந்திய வம்சாவளியினர் 37.5%. மதம் என்று பார்த்தால் கிறிஸ்தவர்கள் 64%, இந்துக்கள் 28%, முஸ்லிம்கள் 6%.

இனவாரிக் கணக்கு அங்கே லேசுப்பட்ட விஷயமில்லை. 2021-ல் வறுமை பற்றிய அறிக்கையில் இனவாரி விவரத்தைச் சேர்த்து வெளியிட்ட பிறகு, புள்ளியியல் துறைத் தலைவரின் பதவியே பறிபோனது. 2027 கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப்போகும் நம் நாட்டில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

24 வருஷம் லேட்!

கரும்புத் தோட்ட வேலைக்காகப் பிரிட்டிஷ் அரசு இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ஃபிஜி சேர்ந்தது 1879 மே 14-ல். அது கல்கத்தாவிலிருந்து போனது. சென்னையிலிருந்து கப்பல் கிளம்பியது 1903-ல்தான். அதற்குள் தோட்டங்களில் போஜ்புரி, அவதி கலந்த ஒரு ஹிந்தி வேரூன்றிவிட்டது. மேஸ்திரியிடம் பேசவும் கடையில் உப்பு வாங்கவும் அதுதான் மொழி.

எண்ணிக்கையும் கைகொடுக்கவில்லை. 1916 வரை வந்த சுமார் 60,000 பேரில் சென்னை வழியாக வந்தவர்கள் 15,000 பேர். அவர்களும் எல்லோரும் தமிழர்கள் இல்லை. வட ஆற்காடு, தஞ்சாவூர், கோயம்புத்தூர்க்காரர்களோடு கிருஷ்ணா, கோதாவரி, மலபார் ஆட்களும் கலந்து வந்தார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில்தான் ஆள் எடுத்தார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் பாடினார். தமிழ் மாப்பிள்ளை, தெலுங்குப் பெண் என்று அமைந்த வீட்டில் பொது மொழி எதுவாக இருந்திருக்கும்? ஹிந்திதான்.

சாமி மட்டும் எப்படித் தப்பித்தது?

பேச்சுக்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டும். தீமிதிக்கு ஒரு ஊர் கூடினால் போதும். சுவாவில் மாரியம்மனுக்குத் தீமிதி இன்றும் நடக்கிறது. (பெக்கா தீவின் பூர்வகுடிகளும் தலைமுறை தலைமுறையாகச் சுட்ட கற்கள் மேல் நடப்பவர்கள். யாரும் யாரிடமும் கற்றதல்ல!) 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' கோயில்களோடு பள்ளிகளையும் நடத்தி வருகிறது. சங்கப் பள்ளிகளில் தமிழும் சொல்லித் தந்தார்கள். ஆனால் வாசலுக்கு வெளியே அந்தத் தமிழுக்கு வேலை இருக்கவில்லை.

அரசமைப்பும் அப்படித்தான். 1997 அரசமைப்புச் சட்டம் ஆங்கிலம், ஃபிஜியன், ஹிந்துஸ்தானி மூன்றுக்கும் சம அந்தஸ்து தந்தது. 2013 அரசமைப்பு, தொடக்கப்பள்ளிகளில் ஐதௌகெய் மொழியையும் ஃபிஜி ஹிந்தியையும் கட்டாயமாக்கியது. தமிழுக்கு இரண்டிலும் இடமில்லை. அதாவது, அரசின் பார்வையில் இந்தியர் என்றால் ஹிந்தி.

இப்போது என்ன நிலைமை?

1986-ல் இந்திய வம்சாவளியினர் 48.7%. பூர்வகுடிகளைவிட அதிகம். 1987-ல் சிதிவேனி ரம்புகா நடத்திய ராணுவப் புரட்சி, 2000-ல் பிரதமர் மகேந்திர சௌத்ரியைப் பணயக் கைதியாகப் பிடித்த புரட்சி என அடுத்தடுத்து அடி விழ, ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பிவிட்டார்கள். அதே ரம்புகா 2022 டிசம்பரில் பிரதமராகி, 2023 மே 14 அன்று இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார்.

போனவர்கள் திரும்பி வரவில்லை. நியூசிலாந்துக் கணக்கெடுப்பில் ஃபிஜி ஹிந்தி தனி மொழியாகவே பதிவாகிறது. கவுண்டர், நாயக்கர், பிள்ளை என்று பெயருக்குப் பின்னால் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவும் அந்தக் கட்டத்தில்தான் டிக் அடிக்கின்றன.