படம்தானே போச்சு என்கிறார்கள்

"போனில் இருந்த ஒரு படம் போனதற்கா இப்படி அழுகிறாய்? எழுந்து போய்ப் படி." பத்து வயதுப் பிள்ளை கேவிக்கேவி அழும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளையை ஏமாற்றியவன் ஒருவன். அது ஏமாற்றே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்கள் நாம். பிள்ளைக்கு இரண்டாவது அடி நம் கையால்தான் விழுகிறது.

ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்துக்குள் 'அடாப்ட் மீ' என்றொரு உலகம் இருக்கிறது. 2017இல் வந்தது. 2019இல் அதில் வளர்ப்புப் பிராணிகள் வந்த பிறகு உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதிலேயே கிடக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும்தான். முட்டை வாங்கிப் பொரிக்க வேண்டும். வரும் குட்டிக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், தூக்கம் வரும், அழுக்காகும், பள்ளிக்கூடம்கூடப் போக வேண்டும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஆறு பருவம் கடந்து முழுதாக வளரும். ஒரே வகைப் பிராணி நான்கை இப்படி வளர்த்துச் சேர்த்தால் ஒளிவிடும் 'நியான்' ஒன்று கிடைக்கும். நான்கு நியான்களையும் மறுபடி முழுதாக வளர்த்துச் சேர்த்தால் 'மெகா நியான்'. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மெகா நியானுக்குப் பதினாறு குட்டிகள். கோடை விடுமுறை முழுக்க ஒரு பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. படம்தானே என்று எப்படி வாய் வருகிறது?

சில பிராணிகள் இனிமேல் கடையில் கிடைக்கவே கிடைக்காது. 2019 ஹாலோவீனுக்கு வந்த ஷேடோ டிராகன் அன்று ஆயிரம் ரோபக்ஸ் (காசு கொடுத்து வாங்கும் ரோப்லாக்ஸ் பணம்). அந்தப் பண்டிகையோடு விற்பனை முடிந்தது. இன்றைக்கு அது வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம் பண்டமாற்று செய்துதான் வாங்க வேண்டும். பிள்ளைகள் இதை 'ட்ரேட்' என்கிறார்கள். எது எவ்வளவு பெறும் என்று விளையாட்டுக்குள் விலைப்பட்டியல் எதுவும் இல்லை. விளையாடுகிறவர்களே பேசிப் பேசி நிறுவிய மதிப்புதான். நேற்று வந்த பிள்ளைக்கு அது தெரியாது. ஐந்து வருடமாக ஆடுகிறவனுக்கு அத்துப்படி. ஏமாற்று அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் மதிப்புத் தெரியாமல் ஏமாறுவதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு வகை. 'ட்ரஸ்ட் ட்ரேட்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். "உன்னுடையதை எனக்கு முதலில் கொடு, நீ நம்பிக்கையானவளா என்று பார்க்கிறேன், உடனே திருப்பித் தருகிறேன், கூடவே இன்னொன்றும் தருகிறேன்." கொடுத்த மறுநொடி ஆள் சர்வரை விட்டுப் போயிருப்பான். இன்னொருவன், "இடம் போதவில்லை, இந்த ட்ரேடில் நீ கொடு, அடுத்த ட்ரேடில் மிச்சத்தை நான் கொடுக்கிறேன்" என்பான். அடுத்த ட்ரேட் வரவே வராது. நான்கு நியான் வைத்திருக்கும் பிள்ளையிடம் வந்து, "கொடு, நானே மெகா செய்து தருகிறேன், எனக்கு ஒரு வழி தெரியும்" என்பவனும் உண்டு. "யூட்யூபுக்கு வீடியோ எடுக்கிறேன், உன் டிராகனை ஐந்து நிமிடம் கடன் கொடு, உன் பெயரைச் சொல்கிறேன்" என்பவனும் உண்டு. பிரபலமான யூட்யூபரின் பெயரிலேயே ஓரெழுத்தை மாற்றிக் கணக்கு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் தனி. "பிராணியைக் கொடு, ரோபக்ஸ் அனுப்புகிறேன்" என்பதும் அன்றாடம் நடப்பது. அந்த ட்ரேட் பெட்டிக்குள் ரோபக்ஸ் வைக்க வழியே கிடையாது. அந்த ஒன்று தெரிந்திருந்தாலே பாதிப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

கடைசி நேர மாற்றும் உண்டு. பேசி முடித்து எல்லாம் சரியான பிறகு, "அவசரம், அம்மா கூப்பிடுகிறாள், சீக்கிரம் அமுக்கு" என்று விரட்டிக்கொண்டே நியானை எடுத்துவிட்டு அதே பிராணியின் சாதாரண வடிவத்தை வைப்பான். சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இவற்றில் எந்தத் தந்திரத்தை எடுத்தாலும் அது பிள்ளையின் பேராசையைக் குறிவைப்பதாக எனக்குப் படவில்லை. கேட்டால் கொடு, சொன்னால் நம்பு, சிநேகிதியைச் சந்தேகப்படாதே, அவசரத்தில் இருப்பவருக்கு உதவு என்று நாம் ஊட்டி வளர்த்த குணங்களைத்தான் குறிவைக்கிறது. எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி இப்படி ஒரு விளையாட்டில் ஏமாந்தபோது என்னிடம் சொன்னது மறக்கவில்லை. "அவ ரொம்ப நல்லாத்தான் பேசினா சித்தி. ரொம்ப நேரம் என்கூடவே விளையாடினா." அவளுக்குப் பிராணி போன துக்கத்தைவிட கூட விளையாடியதும் பொய்யா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பக்கத்தில் இருந்த அவள் மாமா சிரித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏமாற்றுகிறவர்களில் பலரும் பிள்ளைகள்தான். போன வாரம் ஏமாந்தவன், இழந்ததை மீட்க இந்த வாரம் இன்னொரு சின்னப் பிள்ளையிடம் அதே வசனத்தைப் பேசுகிறான். டிராகன் போனால் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து வயதில் ஒருவன் இதைத் தொழிலாகக் கற்றுக்கொள்வதைக் கண்டு எப்படிச் சும்மா இருப்பது?

நிறுவனங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அடாப்ட் மீயில் உயர்ந்த வகைப் பிராணிகளை மாற்றிக்கொள்ள 'ட்ரேட் லைசன்ஸ்' எடுக்க வேண்டும். எது ஏமாற்று என்று சில கேள்விகள் கேட்டுத் தேர்வு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஒப்புதலும் இரண்டு கட்டமாக இருக்கிறது. ஆனால் இத்தனையும் தாண்டி ஏமாந்து நின்றால், போன பிராணியைத் திருப்பித் தர மாட்டார்கள். நீயே ஒப்புக்கொண்டு அமுக்கினாய் என்பதே பதில். பெரியவர்களோடு செய்த ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஒப்புதலை அப்படிக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2005 முதல் 2017 வரை நடந்த கிளப் பெங்குவினில் ஒருவர் பொருளை இன்னொருவருக்கு மாற்றும் வழியே வைக்கவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். ட்ரேட்டையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேரம் பேசுவதில் பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி இருக்கிறது. சின்ன வயதுக் கணக்குகளுக்கு ஒருநாள் மட்டும் மாற்றை நிறுத்திவைத்து, பிறகு கைமாற்றினால் என்ன குறைந்துவிடும்?

படம்தானே என்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007இல் அங்கே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து உதைத்து, கத்தி காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். கையில் பிடிக்க முடியாத பொருளை எப்படித் திருடியதாகச் சொல்லலாம் என்று வாதாடினார்கள். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவற்றைச் சேர்க்க அந்தச் சிறுவன் செலவிட்ட நேரத்தையும் உழைப்பையும் கணக்கில் எடுத்து, அது திருட்டுதான் என்று 2012இல் தீர்ப்பானது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் புரிந்தது நம் வீட்டுக் கூடத்தில் புரியவில்லை.

பிள்ளையிடம் "யாரையும் நம்பாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நம்பாமல் அவர்களால் விளையாட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியது இதுதான்: தருவதும் பெறுவதும் ஒரே பெட்டிக்குள், ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெட்டிக்கு வெளியே இருப்பது வெறும் வாய்ப்பேச்சு. இரண்டாவது ட்ரேட், பிறகு தருகிறேன், கடன் கொடு என்று எது வந்தாலும் மறுத்துவிட்டு நகரலாம். கடைசிப் பொத்தானை அமுக்கும் முன் பிராணியின் பெயரை வாய்விட்டுப் படிக்கட்டும். யாராவது அவசரப்படுத்தினால் அதுவே நிறுத்துவதற்குப் போதுமான காரணம். மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதை நாம் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

விளையாட்டுக்கு வெளியே டிஸ்கார்டுக்கு வா என்றோ, இந்த லிங்கைத் திற, இலவச ரோபக்ஸ் என்றோ கூப்பிட்டால் விஷயம் பிராணியோடு நிற்காது. முழுக் கணக்கும் போய்விடும். கடவுச்சொல் கேட்காமலே, உள்நுழைந்ததை நினைவில் வைக்க பிரவுசரில் இருக்கும் 'குக்கி' என்ற குறியீட்டை எடுத்து அனுப்பச் சொல்லிக் கணக்கைப் பறிக்கிறார்கள். இதை யாரிடமும் பகிராதே என்ற எச்சரிக்கை அந்தக் குக்கியின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. படித்துப் புரிந்துகொள்ளும் வயதா அது? இருபடிச் சரிபார்ப்பை இன்றைக்கே பெற்றோரின் மின்னஞ்சலோடு இணைத்துவிடுங்கள். அப்பாவின் கார்டை விளையாட்டில் சேமித்து வைக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டேன் என்று பிள்ளை வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது, "எப்போது நடந்தது, எதைக் கொடுத்தாய்?" என்பது. ட்ரேட் வரலாற்றில் அந்தப் பெயர் இருக்கும். அங்கிருந்தே புகார் அனுப்பலாம். கணக்குப் பறிபோன சந்தேகம் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். உண்மைப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். டிராகனுக்காக அழுதபோது சிரித்த வீட்டில், அம்மாவின் ஜிபே ரகசிய எண்ணை ஒருவன் கேட்டான் என்று அந்தப் பிள்ளை வந்து சொல்லாது.