சொல்லாமல் கை வைக்காதே!

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவரின் மகன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிப்பவன், ஒரு ரயில்வே கேட் மாடலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சிக்னல் இலாகாவில் 35 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் இப்படிப்பட்ட 'கேஸ்'கள் என்னிடம் வருவது வழக்கம்.

ஆர்டுயினோ போர்டு; அதில் ஆட்மெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர். உள்ளே நுழையும் சக்கரங்களைக் கூட்ட வேண்டும், வெளியேறுபவற்றைக் கழிக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானால்தான் கேட் திறக்கலாம். நாங்கள் ஆக்சில் கவுண்டரில் செய்ததும் இதுவே. பையனின் கேட்டோ, ரயில் உள்ளே நிற்கும்போதே திறந்தது!

"கம்பைலரின் ஆப்டிமைசேஷனை நிறுத்திவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது மாமா. அப்படியே கொடுத்துவிடு என்று காலேஜில் சொல்கிறார்கள்" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. காரணம் தெரியாமல் மறைந்த பழுதை நாங்கள் சரியான பழுதாகக் கணக்கில் எழுதியதில்லை. உட்கார்ந்து பார்த்தோம்.

சி மொழி புரோகிராமின் நடுவே, சிறு தாமதத்துக்காக நான்கு வரி அசெம்பிளி எழுதியிருந்தான். இந்தச் சிப்பில் ரிஜிஸ்டர்கள் 32. அவற்றில் 24ஆவதில் ஓர் எண்ணைப் போட்டு, அது பூஜ்யமாகும்வரை குறைத்துக்கொண்டே வந்தான். ஆப்டிமைசேஷன் இல்லாதபோது கம்பைலர் சக்கர எண்ணிக்கையை ராமில் பத்திரமாக வைத்திருந்தது. ஆகையால் 24இல் யார் கை வைத்தாலும் பாதகமில்லை. ஆப்டிமைசேஷன் வந்ததும், வீண் அலைச்சல் எதற்கு என்று எண்ணிக்கையை அந்த 24ஆம் ரிஜிஸ்டரிலேயே குடிவைத்துவிட்டது. தாமதம் முடிந்தபோது அங்கே இருந்தது பூஜ்யம். கேட் திறந்துவிட்டது!

இதில் கம்பைலர் மீது குற்றமில்லை. ஜிசிசி கம்பைலர் அசெம்பிளி வரிகளின் பொருளை ஆராய்வதில்லை. எதை வாங்கினோம், எதைத் தந்தோம், எதைக் கலைத்தோம் என்று நாம்தான் பட்டியலில் எழுதித்தர வேண்டும். பாயிண்ட் மோட்டாரைத் திறக்குமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோமே, அதே முறைதான். அவருக்குச் சொல்லாமல் கை வைத்துவிட்டு, அவர் ரயிலை விட்டார் என்று குறை சொல்லலாமா? 24ஆம் ரிஜிஸ்டர் கலைகிறது என்று ஒரு சொல் சேர்த்தோம். ஆப்டிமைசேஷனோடேயே கேட் ஒழுங்காக வேலை செய்தது.

'வோலடைல்' என்று போட்டுவிட்டால் போதும் என்பார் சிலர். அது தாயத்து அல்ல. அந்த அசெம்பிளியை நீக்காதே என்று சொல்லுமே தவிர, அக்கம்பக்கத்துக் கணக்குகளை நகர்த்தாதே என்று சொல்லாது. 'மெமரி' என்று எழுதினாலும் நினைவகத்தைத் தொடும் வேலைகளுக்கு மட்டுமே அது வேலி. ஏவிஆர் லைப்ரரியின் கையேட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இண்டரப்டை மூடுமுன் செய்யச் சொன்ன வகுத்தலைக் கம்பைலர் மூடிய பிறகு செய்கிறது! வகுத்தலுக்குத் தனிக் கட்டளை இல்லாத சிப் அது. அந்த நீண்ட கணக்கு முடியும்வரை இண்டரப்ட் வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான். ஆகவே கம்பைலர் தரும் அசெம்பிளி லிஸ்டிங்கை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது உத்தமம்.

ஆப்டிமைசேஷனை அணைப்பது மருந்தாகாது. புரோகிராம் பெருக்கும், வேகம் குறையும். அதே லைப்ரரியின் தாமத ஃபங்ஷன்கள் ஆப்டிமைசேஷன் இருந்தால்தான் சரியான நேரம் காட்டும். ஒளித்துவைத்த தவறு, புதிய கம்பைலர் வந்த அன்று மறுபடி தலைகாட்டும்.

மாடல் கேட்டில் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள்தான் நாளை லிஃப்டுக்கும் மருத்துவமனைக் கருவிக்கும் புரோகிராம் எழுதப்போகிறவர்கள். "எப்படியோ ஓடுகிறது" என்பதற்கு மார்க் போடும் பழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும். அசெம்பிளி இல்லாமல் முடியுமானால் அதைத் தொடாமலே இருக்கட்டும். தொட்டால், முதலில் மெமோ எழுதட்டும்.

ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில்தான் இருக்கிறேன். அடம்பிடிக்கும் போர்டுகளோடு பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.