வைரத்தில் சறுக்கிய ராமன்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வெள்ளையாக வரவேண்டிய பொம்மை பழுப்பேறிச் சூளையிலிருந்து வெளியே வந்தால், தொழில் தெரிந்தவர் முதலில் சந்தேகப்படுவது மண்ணைத்தான். களிமண்ணில் கொஞ்சம் இரும்பு கலந்திருந்தாலும் வெள்ளை கெட்டுவிடும். உலகமே கொண்டாடிய இயற்பியலாளர் ஒருவர் வைரத்தை ஆராய்ந்தபோது கலப்பு என்ற இந்தச் சாதாரணச் சந்தேகத்துக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. அவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன்.

வைரங்களில் இரண்டு வகை உண்டு என்பது 1934-லேயே தெரிந்துவிட்டது. ஒருவகை புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு விழுங்கிவிடும். மற்றது அவற்றை ஊடுருவ விடும். கார்பன் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்திலேயே வேறுபாடு இருக்கிறது என்றார் ராமன். அதற்காக நெடுங்காலம் வாதாடவும் செய்தார். 1959-ல் கைசர், பாண்ட் என்ற இருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: வைரத்துக்குள் கலந்திருக்கும் நைட்ரஜன்.

இதைவிடப் பெரிய சண்டை இயற்பியலாளர் மாக்ஸ் பார்னுடன் நடந்தது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய பார்னை 1935-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வரவழைத்தவர் ராமன்தான். சில ஆண்டுகளில் இருவரும் எதிரெதிர் அணியானார்கள். படிகத்தில் உள்ள அணுக்கள் ஏறக்குறையத் தொடர்ச்சியான எண்ணற்ற அதிர்வெண்களில் அதிர்கின்றன என்பது பார்னின் கோட்பாடு. விரல்விட்டு எண்ணக்கூடிய சில அதிர்வெண்களே உண்டு என்றார் ராமன். அவருடைய மாணவர் ஆர்.எஸ். கிருஷ்ணன் எடுத்த வைர நிறமாலையில் கூர்மையான கோடுகள் தெரிந்தன. வேறென்ன சான்று வேண்டும் என்று ராமன் நினைத்தார்.

கோடுகள் உண்மைதான், விளக்கம்தான் தவறு. பார்னின் கோட்பாட்டைக் கொண்டே அந்த நிறமாலையைக் கணக்கிட முடியும் என்று 1948-ல் ஹெலன் ஸ்மித் காட்டினார். தொடர்ச்சியான அதிர்வெண்களுக்கு நடுவிலும் கூர்மையான முகடுகள் ஏன் எழுகின்றன என்பதை 1953-ல் வான் ஹோவ் விளக்கினார். பிறகு நியூட்ரான்களைச் சிதறவிட்டு பிராக்ஹவுஸ் செய்த அளவீடுகள் பார்ன் பக்கமே நின்றன. 1970-ல் இறக்கும்வரை ராமன் தன் கட்சியை விடவில்லை.

இன்று செராமிக் பொருள் ஒன்றில் எந்தப் படிகம் உருவாகியிருக்கிறது என்று அறிய உதவும் கருவிகளில் ஒன்று ராமன் நிறமாலைமானி. அதில் வரும் கோடுகளுக்குப் பொருள் சொல்வதோ, ராமன் ஏற்க மறுத்த பார்ன் வழிக் கோட்பாடு! பிப்ரவரி 28 அறிவியல் தின மேடையில் 1928-ல் கண்டறிந்த ராமன் விளைவைப் பற்றி மட்டுமே பேசி மாணவர்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் விருத்தாசலத்திலாவது இந்த இரண்டாம் பாதியைச் சொல்லலாம். ராமனின் பெருமை அதனால் குறைந்துவிடாது.

இதில் நம்மிடம் ஓரவஞ்சனையும் உண்டு. 1935 ஜனவரியில் லண்டனில் இளைஞர் சந்திரசேகரின் வெண்குள்ள விண்மீன் ஆய்வை வானியற்பியலாளர் எடிங்டன் எள்ளி நகையாடியதை நாம் ஆத்திரத்தோடு சொல்கிறோம். சந்திரசேகரின் சித்தப்பாதான் ராமன். எடிங்டன் செய்தது ஆணவம், ராமன் செய்தது வெறும் கருத்து வேறுபாடு என்று பங்கு பிரிப்பது நியாயமா? இருவருமே பெற்ற புகழின் பலத்தில் பிழையான கட்சியை நெடுநாள் தாங்கிப் பிடித்தவர்கள்.

ஆனாலும் எல்லாப் பிழையையும் ஒரே தராசில் போட முடியாது. படிகக் கோட்பாட்டில் ராமன் தவறியதைச் சோதனைகள் திருத்திவிட்டன. அறிவியல் அப்படித்தான் நகரும். 1933-ல் கமலா பாக்வத் என்ற இளம்பெண் பம்பாயிலிருந்து அதே இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் மறுத்தாரே, அதைத் திருத்த எந்த நிறமாலைமானி உண்டு? கமலா விடாமல் போராடினார். கடைசியில் ஓராண்டுக்குச் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்க்க ராமன் பிறகு இணங்கினார் என்பது அவர் கணக்கில் வரவு. ஆனால் கமலா போல் சண்டை போடத் தெம்பில்லாமல் திரும்பிப்போனவர்கள் இருந்திருந்தால், அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இருக்காது. ராமனை எடைபோடும்போது வைரப் பிழையைவிட இதற்கே கூடுதல் கனம் தரவேண்டும்.

எப்படி எடைபோடுவது என்பதற்கு அந்தக் குடும்பத்திலேயே முன்மாதிரி உண்டு. எடிங்டன் நூற்றாண்டை ஒட்டி 1982-ல் கேம்பிரிட்ஜில் உரையாற்ற சந்திரசேகர் அழைக்கப்பட்டார். தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று எடிங்டனைப் போற்றினார். பழைய தகராறையும் மூடி மறைக்காமல் அதே உரைகளில் எடுத்துச் சொன்னார்.