சர்க்காரே வீட்டுக்காரர் ஆனால்

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் வழக்கு மூண்டால் அதைத் தீர்க்க நம் ராஜ்யத்தில் வாடகை அதிகாரி இருக்கிறார். வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் ஸ்தானத்தில் சர்க்காரே இருந்தால் குடியிருப்பவர் எந்தப் படி ஏறுவது? கோயமுத்தூரில் உக்கடத்திலும், கீரநத்தத்திலும், மலுமிச்சம்பட்டியிலும், கோவைப்புதூரிலும் அடுக்கு வீடுகளில் குடியேற்றப்பட்டிருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இதற்கு விடை சொல்ல வேண்டிய இடம் சட்டசபை. அச்சபை விடை சொல்லும் வகையில் தன்னை அமைத்துக்கொள்ளவில்லை என்பதையே இன்று நாம் எடுத்துக் கூற விரும்புகிறோம்.

வாடகைச் சட்டத்தின் வரலாறு வாசகர்களில் பலர் அறிந்ததே. இரண்டாவது உலக யுத்தத்தின் நெருக்கடியில், 1941-ஆம் வருஷம், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. 1946-இல் அது சட்டமாயிற்று. 1949-இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1960-இல் இயற்றப்பட்ட சட்டம் ஏறக்குறைய அறுபது வருஷம் அமுலில் இருந்தது. அதன்கீழ் 'நியாய வாடகை' என்ற ஒன்றை நிர்ணயிக்கும்படி இரு தரப்பாரும் கேட்கலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால், வாடகைப் பாக்கி, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல் முதலாகச் சட்டம் அனுமதித்த காரணங்களில் ஒன்றை ருசுப்படுத்த வேண்டும். வழக்குப் போட்டவுடன் வீட்டுக்காரரின் மகனுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாவதும், தீர்ப்புக் கிடைத்தவுடன் அக்கல்யாணம் ஒத்திப்போவதும் வக்கீல் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்கு பரிச்சயமான சங்கதிகள். அதே சமயத்தில், பல்லாண்டுகளுக்கு முன் பேசிய சொற்ப வாடகைக்கு வீட்டை விட்டுவிட்டு, பிறகு அதை மீட்க முடியாமல் தவித்த விதவைகளும் ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை.

அச்சட்டத்தை நீக்கி, 2017-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமுலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்குப் போதிய காரணமாகிறது. நியாய வாடகை மறைந்தது. இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டதே வாடகை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பிரிவின் தலைவாசலிலேயே, 'இதற்கு மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற பொருள்பட நாலைந்து சொற்கள் நிற்கின்றன. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் சட்டம் வாய் திறவாது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் எதில்தான் கையொப்பமிட மாட்டார்?

இதனினும் பெரிய விஷயம் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. சர்க்காருக்கோ, ஸ்தல ஸ்தாபனங்களுக்கோ, சட்டப்படி அமைந்த வாரியங்களுக்கோ சொந்தமான கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஒரு கம்பெனி தன் தொழிலாளிக்கு வேலை ஒப்பந்தத்தின் அங்கமாகக் கொடுக்கும் வீட்டுக்கும் பொருந்தாது. அதாவது, ராஜ்யத்தின் மிகப் பெரிய வீட்டுக்காரராகிய சர்க்கார், தன் பிரஜைகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டிருக்கிறது. 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த மாதிரி வாடகைச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. பொது நலனுக்காகக் கட்டிய வீட்டை, வழக்குகளில் சிக்கவிடாமல் காப்பது அவசியம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அதை ஒப்புக்கொள்வோம். அப்படியானால், கோர்ட்டின் கதவை அடைத்த இடத்தில் சட்டசபையின் கதவு திறந்திருக்க வேண்டாமா?

'வாரியத்தின் வீடுகள் வாடகை வீடுகளே அல்ல. தவணை முறையில் சொந்தமாகிறவை' என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். சொத்துப் பத்திரம் கைக்கு வரும் வரையில் மாதாமாதம் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்துகிறவர், ஒதுக்கீடு ரத்தானால் வெளியேற வேண்டியவர், பெயர் எதுவானாலும், குடித்தனக்காரரின் நிலையிலேதான் இருக்கிறார். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தோன்றியது. அதன் சட்டம் 1971-இல் வந்தது. 2021-இல் அது 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று புதுப் பெயர் பூண்டது. பெயர் மாறியதால் ஒழுகும் கூரை ஒழுகாமல் நின்றுவிடவில்லை.

நம் நகரத்தின் அனுபவத்தையே பார்ப்போம். 2010-இல், செம்மொழி மாநாட்டுக்காக ஊரெங்கும் தெருக்கள் அலங்கரிக்கப்பட்ட அதே வருஷத்தில், அம்மன்குளத்தில் ஏழைகளுக்காகக் கட்டப்பட்டு வந்த அடுக்குகளில் சில மண்ணில் இறங்கிச் சாய்ந்தன. அவற்றை இடிக்க நேர்ந்தது. குளம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கும் இடத்தில், அஸ்திவாரத்தைப் பற்றி யார் யாரிடம் என்ன கேட்டார்கள்? 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பில் புத்தம் புதிய அடுக்கு மாடியின் பூச்சு கையால் தொட்டவுடன் உதிர்ந்தது. அதன் பின்னரே சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் பரிசோதனை ஒப்படைக்கப்பட்டது. நிபுணர்களை அழைத்தது சரியே. ஆனால் பூச்சு உதிர்ந்து ஜனங்கள் அதைப் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் விசாரணை பிறக்கும் என்றால், அது கண்காணிப்பு ஆகாது.

அண்மை வருஷங்களில் முத்தண்ணன் குளம் முதலிய குளக்கரைகளில் வசித்த குடும்பங்கள், குளங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை முன்னிட்டு, ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டன. குளம் சுத்தமாவதை நாம் வரவேற்கிறோம். மாலை வேளையில் கரையில் உலாவுகிறவர்களில் நாமும் சேர்ந்தவர்களே. எனினும், உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரையும், காந்திபுரத்தில் வீட்டு வேலை செய்த அம்மாளையும் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கீரநத்தத்தில் குடிவைத்தால், விடியுமுன் ஒரு பஸ்ஸும் இரவில் ஒரு பஸ்ஸும் அவர்களுடைய கூலியில் பங்கு கேட்கின்றன. இத்தகைய குடியேற்றங்களில் ஒதுக்கீடு பெற்றவர்களில் ஒரு பகுதியார் வீட்டைப் பூட்டியோ பிறருக்கு வாடகைக்கு விட்டோ பிழைக்கும் இடத்துக்கே திரும்புவது எல்லாப் பெரிய நகரங்களிலும் கண்ட அனுபவம். திரும்பியவர் எங்கே தங்குகிறார்? பத்துக்குப் பத்து அறையில், வாடகைக்கு. உக்கடம் மேம்பாலத்துக்கு இடம் விட்டுக்கொடுத்த சி.எம்.சி. காலனித் துப்புரவுத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

நமது கொங்கு நாட்டின் தொழில், வாடகை வீட்டில் குடியிருக்கும் கைகளால் நடப்பது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் ஏற்பட்ட காலந்தொட்டு இதுவே நிலை. சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் மில் தொழிலாளிகள் வாழ்ந்த லைன் வீடுகள், திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நிறைந்த காம்பவுண்டு வீடுகள், பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய அறைகள்: இவையே இந்நாட்டின் உண்மையான தொழிலாளர் குடியிருப்புத் திட்டம். இன்று ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்தவர்கள் ஓர் அறைக்கு ஐவர் அறுவராக அவற்றில் தங்குகிறார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தத்தை இவர்களில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்? சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டதோ அவர்களே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

டில்லியிலும் இந்த ஞானோதயம் தாமதித்தே வந்தது. நகரங்களில் 1 கோடியே 87.8 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றும், அதில் 100-க்கு 95-க்கு மேல் ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களுமே என்றும் 2012-இல் பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் அமைந்த நிபுணர் குழு மதிப்பிட்டது. ஆயினும் 2015 ஜூனில் ஆரம்பித்த பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டம் சொந்த வீட்டையே குறியாகக் கொண்டது. 2020-இல் கொள்ளைநோயின்போது லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நெடுஞ்சாலைகளில் நடந்ததைத் தேசம் கண்ட பிறகே, அவ்வருஷம் ஜூலையில், வாடகைக் குடியிருப்புக்கு ஒரு கிளைத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. சர்க்கார் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகள் 80,000-க்கு மேல் இருந்தன. அவற்றில் வாடகை வீடுகளாக மாற்றப்பட்டவை 5,648 மட்டுமே என்று பின்னர் பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது. வீடு இல்லாதவர் ஒரு பக்கம், ஆள் இல்லாத வீடு ஒரு பக்கம், நடுவே கோப்பு!

இக்கணக்கு வெளிவந்ததே பார்லிமெண்டு கேட்டதனால்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1993 முதல் பார்லிமெண்டில் துறைதோறும் நிலைக் கமிட்டிகள் இருக்கின்றன. வீட்டு வசதித் துறைக்கான கமிட்டி 2023 மார்ச்சில் சமர்ப்பித்த அறிக்கையில், கட்டி முடிந்தும் குடிபுகாத வீடுகளைப் பற்றி மந்திரிசபையைக் கேட்டது. அக்கமிட்டிகளின் சிபார்சுகளை ஏற்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் சர்க்காருக்கு இல்லை. ஆனால் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை நாமும் படிக்கலாம்.

இங்கிலாந்தின் உதாரணமும் பயன்படும். 2017 ஜூன் 14-இல் லண்டனில் கிரென்ஃபெல் என்னும், ஸ்தல ஸ்தாபனத்துக்குச் சொந்தமான அடுக்கு மாடியில் தீப்பிடித்து 72 பேர் மாண்டார்கள். 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில், பொது நல வீடொன்றின் சுவர்ப் பூஞ்சையால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. காமன்ஸ் சபையின் வீட்டு வசதிக் கமிட்டி குடியிருப்பவர்களையும் நிர்வாகிகளையும் அழைத்து விசாரித்து 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. மறு வருஷம் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் முதல் அங்கே உயிருக்கு அபாயமான பழுது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் பொது நல வீட்டின் சொந்தக்காரர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அங்கேயும் உயிர்ப்பலி கொடுத்த பிறகே கண் திறந்தது என்பதை மறக்கலாகாது. நாம் அவர்களுடைய தாமதத்தையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டியதில்லை.

நம் சட்டசபையில் நடப்பது என்ன? வீட்டு வசதித் துறையின் மானியக் கோரிக்கை வருகிறது. கொள்கை விளக்கக் குறிப்பு விநியோகிக்கப்படுகிறது; இத்தனை வீடுகள் கட்டினோம், இத்தனை கட்டப் போகிறோம் என்று அதில் அட்டவணைகள் நிறைந்திருக்கின்றன. அங்கத்தினர்கள் தலைவர்களைப் புகழ்ந்து, எதிர்க் கட்சியை இகழ்ந்து, மிஞ்சிய நிமிஷங்களில் தங்கள் தொகுதிக்கு ஒரு கோரிக்கை வைக்கிறார்கள். மந்திரி பதில் சொல்லி, புது அறிவிப்புகளை வாசிக்கிறார். கோரிக்கை நிறைவேறுகிறது. பொதுக் கணக்குக் கமிட்டி இருக்கிறது, மதிப்பீட்டுக் கமிட்டி இருக்கிறது, உறுதிமொழிக் கமிட்டியும் இருக்கிறது. ஆனால் பணம் செலவாகுமுன், வீடு கட்டுமுன், அதிகாரியை எதிரே உட்கார வைத்து இத்துறையை வருஷம் முழுவதும் விசாரிக்கும் கமிட்டி இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இருக்கிறது. கேரள சட்டசபையில் 1980 முதல் விஷயவாரிக் கமிட்டிகள் நடைபெறுகின்றன. வாளையாறு செக்போஸ்டைத் தாண்டி வர இந்த யோசனைக்கு இத்தனை வருஷம் ஏன்?

மந்திரிகளுக்கு இது தொந்தரவாகத் தோன்றலாம். நம் அபிப்பிராயத்தில், நேர்மையான மந்திரிக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. கண்டிராக்டரும் எஞ்சினீயரும் சேர்ந்து எழுதிய 'வேலை திருப்தி' என்ற குறிப்பை அவர் நம்ப வேண்டியதில்லை. அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருக்கும் அம்மாள் கமிட்டியின் முன் சொன்ன சாட்சியமும் அவர் மேஜையில் இருக்கும்.

அடுத்த மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களின் அங்கத்தினர்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், கட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்பதை ஒரு வருஷம் நிறுத்தி வைத்து, வேறு நாலு கேள்விகளை எழுத்து மூலம் கொடுக்கட்டும். கீரநத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? ஒதுக்கீடு பெற்றவர் அன்றி வேறொருவர் வாடகை கொடுத்து வசிக்கும் வீடுகள் எத்தனை? குடியேறிப் பல வருஷம் ஆகியும் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் எத்தனை? பழுது என்று மனுக் கொடுத்த நாளுக்கும் கொத்தனார் வந்த நாளுக்கும் இடையே சென்றது எத்தனை நாள்? கிடைக்கும் பதில்களை முழுமையாகப் பிரசுரிக்க இப்பத்திரிகையில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.