நாடாவின் மேற்பூச்சு

அண்மையில் நண்பரொருவர் ‘மினி டீ.வீ.’ என வழங்கும் சிறு வீடியோ கசெற் ஒன்றை எடுத்து வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த இலக்கியக் கூட்டமொன்று அதிலே பதிவாகியிருந்தது. பேசியோருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை. “காந்தப் பதிவு எளிதில் அழியாது, அலுமாரியில் பத்திரமாக இருந்தது” என்றார். ஓட்டியபோது படம் சதுரஞ் சதுரமாகச் சிதறிற்று. குரல் அறுந்து அறுந்து வந்தது. கருவியின் காந்தத் தலையைத் துடைத்து மீண்டும் ஓட்டினோம். பெரும்பகுதி தெளிந்தது. காந்தம் கெடவில்லை; தலைக்கும் நாடாவுக்கும் நடுவே புகுந்த அழுக்கே பகையாயிற்று.

காந்த நாடா என்றதும் காந்தத்தையே நினைக்கின்றோம். அது உராய்ந்து ஓடும் பொருள் என்பதை மறந்துவிடுகின்றோம். 1928இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் புளொய்மர் தாளின்மீது இரும்புத்தூளை ஒட்டிய நாள்தொட்டு, நெடுங்காலம் தூளும் பசையுமே நாடாவின் உடலாக இருந்தன. பிற்காலத்தில் அப்பசையோடு மசகுப் பொருளையும் கலந்தனர். மேற்பரப்பு தேயத் தேய உள்ளிருந்து மசகு கசிந்து வரும்.

1995இல் வந்த டீ.வீ. முறை நாடாவில் பசைக்கு இடமில்லை. வெற்றிடத்திலே கோபாற்றை ஆவியாக்கி, சிறிது ஒட்சிசனையும் விட்டு, மெல்லிய பிளாத்திக்குத் தாளில் நேரே படிய வைக்கின்றனர். அவ்வுலோகப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றர்; தலைமயிரின் தடிப்பில் முந்நூறில் ஒரு பங்குகூட வராது. சிறிய இடத்தில் பெரும் பதிவு அடங்கியது இதனாலேயாம். ஆனால் பசை போனபோது மசகின் களஞ்சியமும் உடன் போயிற்று. எஞ்சியது, காபன் காப்புப் படைக்கு மேலே சில நனோமீற்றர் மட்டும் பூசிய மசகுப் படலமே.

அதைச் சற்றுக் கூடுதலாகப் பூசினால் என்ன என்று கேட்கலாம். தலை நாடாவை விட்டு விலகுந்தோறும் சைகை எவ்வளவு குன்றும் என்பதை 1951இல் பெல் ஆய்வுகூடத்து வாலஸ் கணித்துக் காட்டினார். பதிந்த அலைநீளத்திற் பத்திலொரு பங்கு விலகினாலே சைகை ஏறத்தாழப் பாதியாகிவிடும். டீ.வீ. நாடாவின் மிகக் குறுகிய அலைநீளமோ அரை மைக்கிரோமீற்றர் அளவினது. மேலும், மிக வழுவழுப்பான பரப்பில் மசகு மிகுந்தால் நாடா தலையோடு ஒட்டி நின்றுவிடும். குறைந்தாலோ, நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் உருளையிலுள்ள தலை, செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் உலோகத்தையே உரசும். பொறியியலாரின் மெய்யான திறமையை நான் காண்பது இவ்விடத்திலேதான். யாவரும் புகழ்கின்ற கோபாற்றிலன்று.

நம் முன்னோரும் பனையேட்டுக்கு எண்ணெய் பூசிக் காத்தனர். ஏட்டுக்கு மீண்டும் பூசலாம். நாடாவுக்கு வீட்டிலிருந்து அவ்வாறு செய்யப் புகுவது அதனைக் கெடுப்பதாகும்.

“இலக்கமுறைப் பதிவு, ஆகவே கெடாது” என்பாரும் உளர். பழைய ஒலிநாடா இரைச்சலால் முன்னரே எச்சரிக்கும். இலக்கமுறை நாடாவோ தன் பிழைகளைத் தானே திருத்தி மறைத்துக்கொண்டு வந்து, திருத்தும் எல்லை கடந்ததும் ஒருங்கே சரியும். நேற்றுத் தெளிவாக ஓடிற்று என்பது நாளைக்குப் பிணையாகாது. அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், காந்த நாடாக்களைப் படியெடுத்துக் காக்க 2025ஐ எல்லையாகக் குறித்தது. நாடாவின் முதுமையோடு ஓட்டுங் கருவிகள் அருகிவருவதும் இதற்குக் காரணம். டீ.வீ. கருவியைக் கணினியோடு இணைத்த ‘பயர்வயர்’ வாய் புதுக் கணினிகளிற் காணப்படுவதில்லை.

இந்நிலையில் நம் இலக்கிய வட்டங்களைக் குறை கூறாதிருக்க முடியவில்லை. மணிவிழா மலருக்குப் பணம் உண்டு, பொன்னாடைக்கும் உண்டு. மலரின் நாயகர் தம் வாயாற் பேசிய கசெற்றுக்கு மட்டும் அலுமாரியின் அடித்தட்டே கதி. படியெடுப்பதில் பெரிய வித்தையொன்றுமில்லை. ஒருமுறை ஓட்டுவதே ஒருமுறை தேய்ப்பதாதலால், பார்ப்பதற்கென வேறாக ஓட்டாமல், ஓட்டும்போதே படியெடுத்துவிட வேண்டும். அறுபது நிமிடக் கசெற்றுக்கு அறுபது நிமிடம். நூறு கசெற்றுகளுக்கு நூறு மணித்தியாலம்.

நண்பரின் கசெற்றை அன்றிரவே படியெடுத்தோம். முதற் பதினொரு நிமிடம் வரவேயில்லை. மறைந்த இருவருள் ஒருவரின் தலைமையுரை அங்கேதான் இருந்தது.